தெரிந்திருந்தும் ஏன் ஏமாறுகிறோம்?

மாணவர்களே, பாடத்தைத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை. உங்கள் அக்கா இந்த ஆண்டுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்குப் போன இரண்டாம் வாரம், மதிய உணவுக்காக வரிசையில் நிற்கும்போது அவருடைய கைப்பேசிக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது:

"அவசரம். மாணவர் உதவிநிதிப் பிரிவு. உங்கள் விண்ணப்பத்தில் உள்ள வங்கிக் கணக்கு எண் பொருந்தவில்லை. இன்று மாலை மணி 5.00க்குள் சரிசெய்யாவிட்டால் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட 800 ரிங்கிட் ரத்து செய்யப்படும். உறுதிப்படுத்த: மாணவர்உதவி.காம்.எம்ஒய்.உடனடி-சரிபார்ப்பு.நெட்/உள்நுழை. இப்படிக்கு, துணை இயக்குநர்."

(இணைய முகவரிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இந்தப் பாடத்தில் வருபவை எல்லாம் கற்பனை முகவரிகள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.)

வரிசை நகர்கிறது. பின்னால் நிற்பவர் அவசரப்படுகிறார். அக்கா அந்த உதவித்தொகையை நம்பித்தான் இந்த மாதச் செலவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். முடிவெடுக்க அவருக்கு 20 விநாடிகள்தான் இருக்கின்றன. அவர் என்ன செய்வார்?

"இது மோசடி என்று பார்த்தவுடனே தெரிகிறதே!" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். பாதுகாப்பைப் பற்றிய பாடத்தில் இந்தச் செய்தியைப் பார்த்ததால் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கு யாரும் அப்படி முன்கூட்டியே மணியடித்துச் சொல்லவில்லை. இந்த ஒரு வேறுபாடுதான் இன்றைய பாடத்தின் மையம். ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது வேறு; தேவைப்படும் நொடியில் அது கைகொடுப்பது வேறு.

தூண்டில் மோசடி என்றால் என்ன?

நம்பிக்கைக்குரிய ஒருவரைப் போல நடித்து, நம்முடைய கடவுச்சொல், வங்கி விவரம், அடையாள அட்டை எண் போன்றவற்றை நம் கையாலேயே கொடுக்க வைப்பதை ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்கிறார்கள். மீன் பிடிப்பதைக் குறிக்கும் சொல்லின் எழுத்தைச் சற்று மாற்றி உருவான பெயர் இது. தமிழில் தூண்டில் மோசடி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். தூண்டில் போடுபவர் மீனைத் துரத்துவதில்லை. மீனுக்குப் பிடித்த புழுவை முள்ளில் கோத்துவிட்டுக் காத்திருக்கிறார். மீன் தானாக வந்து கவ்வுகிறது.

இந்த மோசடியில் கணினியின் பூட்டை யாரும் உடைப்பதில்லை. சாவியை வைத்திருக்கும் மனிதரையே கதவைத் திறக்க வைக்கிறார்கள். ஆகவே எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தாலும் மனிதருக்கும் பயிற்சி தேவைப்படுகிறது. அது எப்படிப்பட்ட பயிற்சியாக இருக்க வேண்டும் என்பதே கேள்வி. இதற்கு விடை தேடிப் பல்கலைக்கழகங்களில் சில சுவையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

நான்கு மணி நேர வகுப்பும் இல்லாத ஏழாவது மாடியும்

அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் என்னும் இடத்தில் புகழ்பெற்ற ராணுவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. 2004ஆம் ஆண்டு அங்கே பாடம் நடத்திவந்த ஏரன் ஃபெர்குசன், 512 மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அனுப்பியவர் பெயர் கர்னல் ராபர்ட் மெல்வில் என்றும், அவருடைய அலுவலகம் வாஷிங்டன் ஹால் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருக்கிறது என்றும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. "உங்கள் மதிப்பெண் அறிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த இணைப்பைச் சொடுக்கிச் சரிபார்க்கவும்" என்பது செய்தியின் சாரம்.

அப்படி ஒரு கர்னல் அந்தக் கல்லூரியில் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு ஏழாவது மாடியும் இல்லை. மாணவர்கள் நாள்தோறும் நடமாடும் இடம் அது. இருந்தும் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் இணைப்பைச் சொடுக்கினார்கள். சொடுக்கியவர்களுக்குப் பிறகு உண்மை தெரிவிக்கப்பட்டது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. முதலாண்டு மாணவர்கள் அதற்கு முன்பே நான்கு மணி நேரம் கணினிப் பாதுகாப்பு வகுப்பில் அமர்ந்து படித்திருந்தார்கள். அவர்களில் 90 விழுக்காட்டினர் சொடுக்கினார்கள்.

அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். கடுமையான போட்டியில் தேர்வு பெற்று உள்ளே வந்தவர்கள். அப்படியென்றால் ஏன் ஏமாந்தார்கள்? ராணுவக் கல்லூரியில் கர்னல் ஒன்றைச் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்வதே வழக்கம். முதலாண்டு மாணவருக்கு அந்த வழக்கம் புதிதாகவும் அழுத்தமாகவும் பதிந்திருக்கும். மதிப்பெண் என்றவுடன் பதற்றமும் சேர்ந்துகொள்கிறது. மேலதிகாரி மீதுள்ள மரியாதையும் பதற்றமும் ஒன்றாக வரும்போது, வகுப்பில் படித்தது மனத்தின் மூலையிலேயே தங்கிவிடுகிறது.

வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் முதலில் சாலை விதிகளைப் படித்து, கணினியில் தேர்வெழுதி, அதன்பின் 'எல்' உரிமம் வாங்க வேண்டும். அந்தத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவரைக்கூட உடனே நெடுஞ்சாலைக்கு அனுப்புவதில்லை. பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்திருக்க, பிரேக்கை மிதித்து, தவறு செய்து, திருத்திக்கொண்டுதான் ஓட்டுநர் ஆக முடியும். இணையப் பாதுகாப்பை மட்டும் நாம் பெரும்பாலும் சுவரொட்டியிலும் உரையிலும் முடித்துவிடுகிறோம்.

நண்பன் பெயரில் வந்த தூண்டில்

கர்னலுக்குப் பதிலாக நண்பன் கேட்டால் என்ன ஆகும்? இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சமூக ஊடகப் பக்கங்களில் எல்லாரும் பார்க்கும்படி இருந்த தகவலைக் கொண்டு யார் யாருக்கு நண்பர் என்று முதலில் தெரிந்துகொண்டார்கள். பிறகு ஒரு குழு மாணவர்களுக்கு அவர்களுடைய சொந்த நண்பர் அனுப்பியது போன்ற மின்னஞ்சலும், இன்னொரு குழுவுக்கு அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிமுகமில்லாத ஒருவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சலும் போயின. இணைப்பைத் திறந்தால் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைக் கேட்கும்.

அறிமுகமில்லாதவர் பெயரில் வந்தபோது 16 விழுக்காட்டினர் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். நண்பர் பெயரில் வந்தபோது 72 விழுக்காட்டினர் கொடுத்தார்கள். பெயர் மாறியதும் ஏமாறுபவர்களின் விகிதம் நான்கு மடங்குக்கும் மேலாகிவிட்டது.

நம் ஊரில் இதே உத்தி வேறு உருவத்தில் உலவுகிறது. நண்பனின் எண்ணிலிருந்து புலனத்தில் செய்தி வரும்: "டேய், எனக்கு வர வேண்டிய 6 இலக்க எண் தவறி உனக்கு வந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பேன்." உண்மையில் அந்த நண்பனின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். நீங்கள் அனுப்பப்போகும் அந்த 6 இலக்க எண், உங்களுடைய புலனக் கணக்கை இன்னொரு கைப்பேசியில் திறப்பதற்கான சாவி. அனுப்பிய சில நிமிடங்களில் உங்கள் பெயரில் உங்கள் அத்தைக்கும் ஆசிரியருக்கும் "அவசரமாக 300 ரிங்கிட் வேண்டும்" என்று செய்தி போகும்.

இந்தியானா ஆய்வைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெற்றே அந்த ஆய்வு நடந்தது. இருந்தாலும் தங்களுக்குத் தெரியாமல் தங்களைச் சோதித்துவிட்டார்கள் என்று மாணவர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஏமாற்றிக் கற்பிக்கும்போது கற்பவரின் மானமும் காக்கப்பட வேண்டும்.

தவறும் இடத்திலேயே பாடம்

இந்த இடத்தில்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு முக்கியமாகிறது. லாரி கிரேனர், ஜேசன் ஹாங் ஆகிய பேராசிரியர்களோடு, அப்போது அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த பொன்னுரங்கம் குமரகுரு இதில் முன்னணியில் இருந்தார். அவர்கள் எழுப்பிய கேள்வி இது: பாடத்தை மக்கள் படிக்க மறுக்கிறார்கள் என்றால், அவர்கள் கட்டாயம் கவனிக்கும் ஒரு நொடியில் பாடத்தைக் கொடுத்தால் என்ன?

அந்த நொடி எது? ஏமாந்த நொடிதான். அவர்கள் உருவாக்கிய முறைக்கு 'ஃபிஷ்குரு' என்று பெயர். பயிற்சிக்காகவே தயாரித்த பொய் மின்னஞ்சல் ஒருவருக்கு வரும். அவர் இணைப்பைச் சொடுக்கினால் எந்தத் தீங்கும் நேராது. அதற்குப் பதிலாக ஒரு சிறிய படக்கதை திரையில் தோன்றி, அவர் எந்த இடத்தில் ஏமாந்தார், அடுத்த முறை எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும்.

2009ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் ஊழியர்களுமாக 515 பேர் பங்கேற்றார்கள். 28 நாள்களில் அவர்களுக்குப் பயிற்சித் தூண்டில்களும் உண்மையான மின்னஞ்சல்களும் கலந்து போயின. பயிற்சி பெற்றவர்கள் 28 நாள்களுக்குப் பிறகும் கற்றதை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை பயிற்சி பெற்றவர்களைவிட இருமுறை பெற்றவர்கள் குறைவாக ஏமாந்தார்கள். அதே வேளையில் உண்மையான மின்னஞ்சல்களைத் திறக்கவும் அவர்கள் தயங்கவில்லை. எல்லாவற்றையும் கண்டு அஞ்சுவது பாதுகாப்பு ஆகாது என்பதால் இந்தக் கடைசி முடிவு முக்கியமானது.

அந்த ஆய்வில் உங்களுக்கு நேராகப் பொருந்தும் செய்தி ஒன்று இருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை 18 முதல் 25 வயதுக்கு உட்பட்டவர்களே மற்றவர்களைவிட அதிகமாக ஏமாந்தார்கள். "இளைஞர்களுக்குத்தான் கணினி நன்றாகத் தெரியுமே" என்று நாம் நினைக்கிறோம். கருவியை வேகமாகப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது, எச்சரிக்கையாகப் பயன்படுத்துவதற்கு உத்தரவாதம் ஆகாது. படிவம் 4, படிவம் 5 மாணவர்களான நீங்கள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அந்த வயதுக்குள் நுழையப் போகிறீர்கள்.

அதே குழு 2007ஆம் ஆண்டு ஒரு விளையாட்டையும் உருவாக்கியது. அதில் ஃபில் என்னும் சின்ன மீன்தான் நாயகன். கடலில் புழுக்கள் மிதந்து வரும். ஒவ்வொரு புழுவுக்கும் ஓர் இணைய முகவரி. உண்மையான முகவரி உள்ள புழுவைத் தின்ன வேண்டும். பொய் முகவரி உள்ளதை ஒதுக்க வேண்டும். தவறாகக் கவ்வினால் தூண்டிலில் மாட்டிக்கொள்ளும். தந்தை மீன் இடையிடையே குறிப்புச் சொல்லும். அப்போது கிடைத்த பாடக் குறிப்புகளைப் படித்தவர்களைவிட, இந்த விளையாட்டை ஆடியவர்கள் பொய்த் தளங்களைச் சரியாக அடையாளம் கண்டார்கள்.

செய்து பார்த்தால் ஏன் மனத்தில் நிற்கிறது?

உங்கள் தேர்வுத் தயாரிப்பிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் சிலர் ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் படித்துவிட்டு, அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

படிக்கும்போது "இது எனக்குத் தெரியும்" என்ற உணர்வு எளிதில் வந்துவிடுகிறது. மனத்திலிருந்து எடுத்துப் பார்க்கும்போதுதான் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிகிறது. இணையப் பாதுகாப்பிலும் அப்படித்தான். "சந்தேகமான இணைப்பைச் சொடுக்காதே" என்ற வரியை நூறு முறை படித்தாலும், எந்த இணைப்பு சந்தேகமானது என்று நாமே ஒருமுறை தடுமாறிக் கண்டுபிடிக்காதவரை அது வெறும் வரியாகவே இருக்கும்.

பயிற்சிக்கும் எல்லை உண்டு

அறிவியல் ஒரு நல்ல முடிவோடு நின்றுவிடுவதில்லை. வேறு இடத்தில், வேறு மனிதரிடம், நீண்ட காலத்துக்கு அது பொருந்துமா என்று மீண்டும் சோதிக்கிறது. ஃபிஷ்குரு போன்ற பயிற்சிகள் பெரிய நிறுவனங்களுக்குப் பரவியபின் வந்த முடிவுகள் அவ்வளவு இனிப்பாக இல்லை. அவை மாணவர்களிடம் அன்றி ஊழியர்களிடம் நடந்தவை என்றாலும் நமக்கும் பாடம் உண்டு.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவப் பிரிவில் ஏறத்தாழ 19,500 ஊழியர்களிடம் எட்டு மாதம் நடந்த ஆய்வு 2025ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு வெறும் 1.7 விழுக்காடு. காரணத்தைத் தேடியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஏமாந்தவுடன் திரையில் தோன்றிய பாடத்தில், முக்கால் பங்கு வேளைகளில் ஊழியர்கள் ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் செலவிட்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் பக்கத்தை உடனே மூடிவிட்டார்கள்.

ஆனால் வெறுமனே படிக்காமல் கேள்விக்குப் பதில் சொல்லிச் செய்யும் பயிற்சியை முழுமையாக முடித்தவர்கள், அடுத்தடுத்த தூண்டில்களில் ஏமாறும் வாய்ப்பு 19 விழுக்காடு குறைவாக இருந்தது. இங்கே ஒரு நல்ல அறிவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி உண்டு: பயிற்சியை முடித்ததால் கவனம் வந்ததா, இயல்பிலேயே கவனமாக இருப்பவர்கள்தாம் பயிற்சியை முடித்தார்களா? இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது எல்லை, மறதி. ஜெர்மனியில் அரசு அலுவலக ஊழியர்களிடம் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சியின் பலன் நான்கு மாதம் வரை தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அது தேய்ந்துவிட்டது. காணொளி மூலமும், செய்து பார்க்கும் பயிற்சி மூலமும் நினைவூட்டியது நல்ல பலன் தந்தது.

மூன்றாவது பாடம் சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. ஒரு நிறுவனத்தில் 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் நடந்த அந்த ஆய்வில், ஏமாந்தவுடன் காட்டும் பாடத்தால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்தவுடன் ஒரு பொத்தானை அழுத்திப் புகார் செய்யும் வசதியைக் கொடுத்தபோது, ஊழியர்கள் கூட்டாகப் புதிய தூண்டில்களை விரைவாகக் கண்டுபிடித்தார்கள். தனியொருவர் தவறலாம். பலர் உடனுக்குடன் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தை ஏமாற்றுவது கடினம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல பயிற்சியின் இலக்கணம் கிடைக்கிறது: கையால் செய்ய வேண்டும், அவசரமின்றி முடிக்க வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும், கண்டதை மற்றவருக்குச் சொல்ல வேண்டும். இனி அதை நாமே செய்து பார்ப்போம்.

செய்முறை 1: முட்களை எண்ணுங்கள்

அக்காவுக்கு வந்த செய்தியை மீண்டும் எடுத்து, பென்சிலால் முட்களை வட்டமிடுங்கள். 'அவசரம்', 'மாலை மணி 5.00க்குள்' என்பவை யோசிக்கவிடாமல் செய்யும் நேர முள். 'ரத்து செய்யப்படும்' என்பது பய முள். '800 ரிங்கிட்' ஆசை முள். 'துணை இயக்குநர்' அதிகார முள். பெயரே இல்லாத துணை இயக்குநர் என்பதையும் கவனியுங்கள். வெஸ்ட் பாயின்டில் வேலை செய்தவை அதிகார முள்ளும் பய முள்ளும். இந்தியானாவில் வேலை செய்தது நட்பு முள்.

ஒரு செய்தி உங்களைப் பதற வைத்தால், அந்தப் பதற்றத்தையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். உண்மையான உதவிநிதி ஒரு நிமிடத்தில் ஓடிவிடாது.

செய்முறை 2: முகவரியை வலமிருந்து படியுங்கள்

இணைய முகவரியில் யார் வீட்டுக்காரர் என்று கண்டுபிடிக்க ஒரு விதி உண்டு. முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதைத் தாண்டிவிடுங்கள். அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். முதலில் '.காம்', '.நெட்', '.காம்.எம்ஒய்' போன்ற முடிவு வரும். அதற்கு நேர் முன்னால் இருக்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளர். அதற்கும் முன்னால் உள்ளவற்றை உரிமையாளர் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு வந்த முகவரியில் சாய்கோட்டுக்கு முன் '.நெட்', அதற்கு முன் 'உடனடி-சரிபார்ப்பு'. அதுதான் உரிமையாளர். தொடக்கத்தில் இருக்கும் 'மாணவர்உதவி.காம்.எம்ஒய்' வெறும் வேடம்.

இப்போது நீங்கள் செய்யுங்கள். 'மலர்வங்கி' என்னும் கற்பனை வங்கியின் உண்மையான தளம் மலர்வங்கி.காம்.எம்ஒய் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள நான்கில் எவை அந்த வங்கிக்குச் சொந்தமானவை?

அ) மலர்வங்கி.காம்.எம்ஒய்/உள்நுழை
ஆ) மலர்வங்கி.காம்.எம்ஒய்.பாதுகாப்பு-சோதனை.நெட்/உள்நுழை
இ) பாதுகாப்பு.மலர்வங்கி.காம்.எம்ஒய்/உள்நுழை
ஈ) மலர்வங்கி-உதவி.காம்/உள்நுழை

ஆங்கில எழுத்தில் படிக்கும்போது இன்னும் ஒரு தந்திரம் உண்டு. சிறிய 'எல்' எழுத்துக்குப் பதில் 1 என்ற எண்ணை வைப்பார்கள். 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைப்பார்கள். சிறிய திரையில் கண் ஏமாந்துவிடும்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் உண்மையானது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. நம் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடனாக இருந்தாலும் பூட்டு இருக்கலாம். இந்தக் குழப்பத்தால் கூகல் நிறுவனம் தன்னுடைய குரோம் உலாவியிலிருந்து 2023இல் பூட்டுச் சின்னத்தை நீக்கி வேறு குறியை வைத்தது.

எவ்வளவு பழகினாலும் கண் ஒருநாள் தவறும். ஆகவே பணமும் கடவுச்சொல்லும் சம்பந்தப்பட்ட இடத்தில் செய்தியில் வந்த இணைப்பின் வழியாகப் போகவே வேண்டாம். அந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்தோ, முகவரியை நீங்களே தட்டச்சு செய்தோ போங்கள். அங்கே அந்தச் சிக்கல் உண்மையில் இருந்தால் தெரிந்துவிடும்.

செய்முறை 3: இரண்டாவது பூட்டைப் போடுங்கள்

இன்று மாலை வீட்டில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். புலனத்தின் அமைப்புகளில் 'கணக்கு' என்ற பகுதிக்குப் போய், இரு படி சரிபார்ப்பை இயக்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணை வையுங்கள். 6 இலக்க எண் தவறிப்போய் வெளியே போனாலும் இந்த இரண்டாவது எண் தெரியாமல் கணக்கைத் திறப்பது கடினம். உங்கள் கைப்பேசியில் முடித்தபின் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி ஆகியோரின் கைப்பேசியிலும் செய்து கொடுங்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் செய்யாமல், அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

செய்முறை 4: வகுப்பில் தூண்டில் விளையாட்டு

ஆசிரியரின் அனுமதியோடு, வகுப்பை நான்கு நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஐந்து செய்திகளைத் தாளில் எழுத வேண்டும். மூன்று பொய், இரண்டு உண்மை. தாள்களை மற்றக் குழுவிடம் மாற்றிக் கொடுத்து, மூன்று நிமிடத்தில் எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உண்மையான செய்தியைப் பொய் என்று சொன்னாலும் மதிப்பெண் குறையும். தூண்டிலைத் தயாரித்துப் பார்த்தவருக்குப் புழு எப்படிக் கோக்கப்படுகிறது என்பது நன்றாகப் புரியும்.

ஒரு கண்டிப்பான விதி: இது தாளில் மட்டுமே. விளையாட்டுக்காகக்கூட யாருக்கும் பொய்ச் செய்தி அனுப்பவோ, பொய்ப் பக்கம் உருவாக்கவோ கூடாது. அது சட்டப்படி குற்றமாகலாம், நட்பையும் கெடுக்கும். பல்கலைக்கழக ஆய்வாளர்களே நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றுத்தான் செய்தார்கள் என்பதை மறவாதீர்கள். இந்த விளையாட்டை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய செய்திகளோடு ஆடுங்கள்.

மாட்டிக்கொண்டால்?

இவ்வளவு பழகியும் ஒருநாள் ஏமாற நேரிடலாம். அப்போது மறைக்க வேண்டாம். மோசடிக்காரருக்கு மிகவும் உதவுவது ஏமாந்தவரின் வெட்கம். பணம் கைமாறி மறைவதற்குள் தடுக்க முடியுமா என்பது நிமிடக் கணக்கில் தீர்மானிக்கப்படுகிறது. உடனே பெற்றோரிடம் சொல்லுங்கள். வங்கிக்கு அழையுங்கள். மலேசியாவில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களுக்கு ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டிருந்தால், அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டு உங்களிடம் வந்து சொன்னால் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். நான்கு மணி நேர வகுப்பில் படித்த ராணுவ மாணவர்களே இல்லாத கர்னலுக்கு மரியாதை செலுத்தினார்கள். கேலி செய்தால் அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். சொல்லாமல் போகும் அந்த நேரத்தில்தான் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சிந்தித்து விடை எழுதுக

1. இந்தியானா ஆய்வில் ஒரு குழுவுக்கு அறிமுகமில்லாதவர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பியது எதற்காக? அந்தக் குழு இல்லாவிட்டால் 72 விழுக்காடு என்ற எண்ணுக்கு என்ன பொருள் இருந்திருக்கும்?

2. பயிற்சி பெற்றவர்கள் உண்மையான மின்னஞ்சல்களைத் திறக்கிறார்களா என்றும் கார்னகி மெலன் குழு ஏன் சோதித்தது?

3. பயிற்சியை முடித்தவர்கள் குறைவாக ஏமாந்தார்கள் என்ற சான் டியேகோ முடிவுக்கு இருவேறு விளக்கங்கள் உண்டு. எது சரி என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வை எப்படி அமைப்பீர்கள்?

செய்முறை 2இன் விடை: அ, இ இரண்டும் வங்கிக்குச் சொந்தமானவை. ஆ என்பதன் உரிமையாளர் 'பாதுகாப்பு-சோதனை'. ஈ என்பதில் 'மலர்வங்கி-உதவி' முழுவதும் ஒரே பெயர். அது வங்கியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வேறொரு தளம். நான்கையும் சரியாகச் சொன்னவர்கள், இதே கேள்வியை மூன்று மாதம் கழித்து மீண்டும் போட்டுப் பாருங்கள்.